கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன?

உங்கள் தாத்தாவின் பெயரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். தாத்தாவின் தந்தை பெயரையும் வீட்டில் யாராவது சொல்லக்கூடும். தாத்தாவின் தாய் பெயர்? பாட்டியின் தாய் பெயர்? நம் ஒவ்வொருவருக்கும் கொள்ளுத்தாத்தாக்கள் நால்வர், கொள்ளுப்பாட்டிகள் நால்வர், ஆக எண்மர். ஒரு தாளை எடுத்து அந்த எட்டுப் பெயர்களையும் எழுதிப் பாருங்கள். பெரும்பாலோர் தாளில் ஆண்களின் பெயர் இரண்டோ மூன்றோ தேறும். பெண்களின் பெயர் ஒன்று இருந்தாலே பெரிது.

இதற்கு மறதி மட்டும் காரணமன்று. நம்முடைய பத்திரங்கள், பட்டாக்கள், பெயருக்கு முன் இடும் தலையெழுத்து ஆகிய யாவும் தந்தை வழியையே பற்றிச் செல்கின்றன. மணமாகி வேறு ஊர் போன பெண் ஏடுகளிலிருந்து மறைந்து விடுகிறாள். அவளைத் தேட இன்று மூன்று வழிகள் உள்ளன: பழைய புகைப்படம், பழைய ஆவணம், டி.என்.ஏ. மூன்றும் உண்மை பேசுவனதாம். ஆனால் மூன்றும் தவறான வழியிலும் நம்மை இட்டுச் செல்ல வல்லவை. எப்படி என்பதை ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம்.

முசிறியிலிருந்து கண்டிச் சீமைக்கு

காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு எதிரே இருக்கிறது முசிறி. சங்கப் பாடல்களில் வரும் முசிறித் துறைமுகம் இதுவன்று. அது கேரளத்தில் பெரியாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. குடும்ப வரலாறு தேடுபவருக்கு இந்தப் பெயர்க் குழப்பமே முதல் பாடம். ஊர்ப் பெயர் ஒன்றாக இருப்பதால் ஊர் ஒன்றாகி விடாது.

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தொழிலாளர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. முசிறி, துறையூர்ப் பகுதி மக்களும் அவர்களுள் உண்டு. ஆள் சேர்ப்பதற்காக இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904-இல் தொடங்கிய அமைப்பின் தலைமையகமே திருச்சியில்தான் இருந்தது. கங்காணி ஊரில் ஆள் திரட்டுவார். தகரத்தாலான ஒரு வில்லையைக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டு தொழிலாளர்கள் புறப்படுவார்கள். அந்த வில்லையில் அவர்கள் போக வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் அடையாளம் பொறித்திருக்கும். 1914-க்குப் பிறகு தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல்.

போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, "உன் தாத்தா எங்கே பிறந்தார்?" என்ற கேள்வி வெறும் ஆர்வக் கேள்வியாக இருக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தவரிடமும் சான்று கேட்டது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிடில் தந்தை வழித் தாத்தா, கொள்ளுத்தாத்தா இருவரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த கூலித் தொழிலாளியின் பாட்டன் பிறப்புக்கு யார் சான்று வைத்திருந்தார்கள்? பல இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் பங்கிடப்பட்டது. எஞ்சியவர்களுக்கு வழி பிறக்க மேலும் பல ஆண்டுகளாயின. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையிலேயே வாழ்ந்து வந்தவர்களுக்கும் அவர்கள் வழியினருக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. ஒரு காகிதத் துண்டு இருந்தால் ஒரு நாடு, இல்லாவிட்டால் மற்றொன்று என்று ஆயிற்று!

இனி ஒரு கற்பனை. முசிறிக்கு அருகே ஒரு வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், ஒரு தகர வில்லை, அட்டையில் ஒட்டிய ஒரு புகைப்படம். படத்தில் இளம்பெண்கள் இருவர். பின்புறம் பெயர் எதுவும் இல்லை. "இதில் ஒருத்தி கண்டிக்குப் போனவள் என்பார்கள்" என்கிறார் வீட்டில் மூத்தவர். இலங்கை மலைநாட்டில் இருக்கும் ஒரு குடும்பமோ, "எங்கள் கொள்ளுப்பாட்டி முசிறிப் பக்கம்" என்கிறது. இரண்டும் ஒரே குடும்பந்தானா?

படம் எந்தக் காலத்தது?

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். திருச்சி மலைக்கோட்டையையும் திருவரங்கத்தையும் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவர் 1858-இல் படமெடுத்து விட்டார். ஆனால் கோபுரங்களைப் படமெடுத்த காலத்திலேயே குடியானவர்களையும் படமெடுத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சாதாரணக் குடும்பங்கள் ஸ்டூடியோவுக்குப் போகத் தொடங்கியது வெகு காலம் கழித்துத்தான்.

முதலில் தாளைப் பாருங்கள். முகத்தைப் பிறகு பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முட்டையின் வெண்கருவைப் பூசிய மெல்லிய தாளில் படம் அச்சிட்டார்கள். அது சுருண்டுகொள்ளும் என்பதால் தடித்த அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். காலப்போக்கில் அது மஞ்சளோடிப் போகும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தாளின் நார்கள் தெரியும். 1890-களில் ஜெலட்டின் பூசிய தாள் இதன் இடத்தைப் பிடித்தது. அதில் நார் தெரியாது. பழைய ஜெலட்டின் படத்தைச் சாய்த்துப் பிடித்தால் கருநிறப் பகுதிகளில் வெள்ளி மினுமினுப்பு தோன்றும். தாளின் இருபுறமும் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால், அப்படம் அச்சானது 1960-களின் இறுதிக்கு முன்பு இருக்க முடியாது.

"இதற்கு முன்பு இருக்க முடியாது" என்ற இந்த வகைச் சான்றுதான் மிகவும் நம்பத்தக்கது. படத்தில் ஒருவர் காந்திக் குல்லாய் அணிந்திருந்தால் ஏறத்தாழ 1920-க்குப் பிந்தியது. ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. உறைக்குள் கிடக்கும் ரசீதில் அணாக் கணக்கு இருந்தால் அந்த ரசீது பெரும்பாலும் 1957-க்கு முந்தியதாகவே இருக்கும். புதிய காசு நாணயம் அவ்வாண்டு ஏப்ரலில்தான் வந்தது.

ஆனால் எச்சரிக்கை தேவை. கோட்டு, கைக்கடிகாரம், தோல் செருப்பு, மேசைமேல் புத்தகம் ஆகியவை ஸ்டூடியோவின் சொத்தாக இருந்திருக்கலாம். அவற்றைக் கொண்டு குடும்பத்தின் வசதியை அளக்க வேண்டாம். இறந்தவரை மாலை சூட்டி உட்கார வைத்துப் படமெடுத்த வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. ஒருவரின் ஒரே படம் அதுவாகவே இருக்கக்கூடும். கணவன் மனைவி அருகருகே இருக்கும் படம், இருவரின் தனித்தனிப் படங்களை வெட்டி ஒட்டி, தூரிகையால் தீட்டி, மறுபடியும் படமெடுத்ததாக இருக்கலாம். அப்படியாயின் தாளின் வயது வேறு, முகத்தின் வயது வேறு. சுவரில் மாட்டிய பழைய படங்களில் இது நாம் நினைப்பதைவிட அதிகம்.

1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தேடி மின்படிகளாக்கி வைத்திருக்கிறது. எவ்வளவோ கண்ணாடித் தகடுகளும் ஃபிலிம்களும் ஈரத்திலும் இடநெருக்கடியிலும் அதற்கு முன்பே அழிந்துபோயின.

நம் பெட்டியிலுள்ள படம் ஜெலட்டின் தாளில் அச்சானது, அட்டையில் திருச்சி ஸ்டூடியோவின் பெயர் இருக்கிறது என்று கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று சொல்லலாம். பெண்கள் யார் என்று படம் சொல்லாது.

பேரன் என்றால் பெயரன்

அடுத்தது ஆவணம். இங்கே நம்மவர் பெயரிடும் முறையே ஒரு சிக்கல். மகனின் மகனுக்குத் தாத்தா பெயரை இடுவது நம் வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்', அதாவது பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்ததுதான். ஆகவே இராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் இராமசாமி, மறுபடி இராமசாமி மகன் முத்துசாமி என்று பெயர்கள் மாறி மாறி வரும். ஆண்டு குறிப்பிடாத ஒரு தாளில் 'இராமசாமி மகன் முத்துசாமி' என்றிருந்தால் அது கொள்ளுத்தாத்தாவா, அப்பாவா? அறுபது ஆண்டு பிழை இங்கே மிக எளிதில் நேரும். வயது, புல எண், சாட்சிகளின் பெயர் ஆகியவற்றை வைத்தே தலைமுறையைப் பிரிக்க முடியும்.

நிலம் வைத்திருந்த குடும்பமானால் பதிவு அலுவலகப் பத்திரங்கள் பெரும் புதையல். எழுதிக்கொடுப்பவரின் தந்தை பெயர், ஊர், சில சமயம் வயது எல்லாம் அவற்றில் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே இடத்தில் கிடைத்து விடுவார்கள். கிராமத்து 'அ' பதிவேட்டில் புல எண்ணுக்கு எதிரே பட்டாதாரர் பெயர் இருக்கும். 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டா எண்கள் மாறின என்பதால், பழைய பட்டா எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடாமல் புல எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். கோயில் மானியம், ஊழிய மானியம் பெற்ற குடும்பமாக இருந்தால் இன்னும் பின்னே போகலாம். 1858-இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளில் மானியம் அனுபவிப்பவர் பெயரோடு வயதும், முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதும் குறிக்கப்பட்டன. இவை சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கிறித்தவக் குடும்பமாயின் திருமுழுக்கு ஏடுகள் உதவும். தாயின் பெயரைக் குறிக்கும் பழைய ஏடுகளில் இவை முக்கியமானவை.

மாவட்ட எல்லையும் நம்மை ஏமாற்றும். கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டம், பிறகு திருச்சி, 1995 முதல் தனி மாவட்டம். காவிரியைத் தாண்டிப் பெண் எடுத்த முசிறிக் குடும்பத்தின் ஒரு பாதி ஏடுகள் வேறு மாவட்டக் கட்டில் இருந்தால் வியப்பில்லை. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. அவர்கள் வீட்டில் தங்கிவிட்ட கணக்குகள் அரிதாக இன்றும் அகப்படுவதுண்டு.

இலங்கைப் பக்கத்தில் தோட்டத்துச் செக்ரோல், பிறப்பு இறப்புப் பதிவுகள், திரும்பி வந்தவர்களாயின் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும். இவற்றில் பெயர்கள் ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. வீராயி 'வீரை' ஆகியிருப்பாள். ஊர்ப் பெயருக்குப் பதில் தாலுகாவின் பெயர் மட்டும் இருக்கும். ஒலியை வைத்துத் தேட வேண்டுமே தவிர எழுத்தை வைத்தன்று.

இத்தனை ஏடுகளையும் புரட்டிய பின் நம் பெட்டிக் குடும்பத்தின் ஆண்கள் ஐந்து தலைமுறைக்குக் கிடைத்து விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். படத்திலுள்ள பெண்கள்? பாகப்பிரிவினையில் அவர்கள் பெயரே இல்லை. மகளுக்கும் பூர்விகக் கூட்டுச் சொத்தில் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல்தான். பங்கு இல்லாதவளின் பெயரைப் பத்திரம் ஏன் எழுதப் போகிறது?

தாய் வழியே வரும் இழை

இந்த இடத்தில்தான் டி.என்.ஏ. துணைக்கு வருகிறது. நம் உடற் செல்லின் உட்கருவில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. இவற்றுள் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும், தலையெழுத்தைப் போல! உட்கருவுக்கு வெளியே, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களுக்குள் ஒரு சிறு வளையம் போன்ற டி.என்.ஏ. தனியே இருக்கிறது. அதன் நீளம் 16,569 இணைகள். அது தாயிடமிருந்து மட்டுமே வரும். மகனுக்கும் வரும், மகளுக்கும் வரும். ஆனால் மகள்தான் அதை மேலே கடத்துவாள். பத்திரம் மறந்த பெண் வழியை உடல் இவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது.

இதன் வலிமைக்கு ஓர் உலகறிந்த சான்று உண்டு. 1918-இல் சுட்டுக் கொல்லப்பட்ட இரஷியப் பேரரசர் குடும்பத்தின் எலும்புகள் 1991-இல் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றுள் பேரரசி எது என்று கண்டறிய, இங்கிலாந்து அரசியின் கணவரான பிலிப் இளவரசரின் இரத்தத்தைப் பயன்படுத்தினார்கள். பிலிப்பின் தாய்க்குத் தாய், அந்தப் பேரரசியின் உடன்பிறந்த சகோதரி. தாய்வழி அறுபடாமல் வந்திருந்தமையால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஒத்துப்போயிற்று.

நம் படத்துச் சகோதரிகளுக்கும் இதே முறைதான். ஊரில் இருந்தவளின் மகளுக்கு மகள் ஒருவர், கண்டிக்குப் போனவளின் மகளுக்கு மகள் அல்லது மகன் ஒருவர் என்று, இடையில் ஆண் குறுக்கிடாத வழியில் வந்தவர்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். இருவர் இழையும் வேறுபட்டால், ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகள் என்பது விழுந்துவிடும். அல்லது வழியில் எங்கோ தத்தோ, மூத்த தாரம் இளைய தாரக் குழப்பமோ இருக்கிறது. ஒத்துப்போனால்? அவசரப்பட வேண்டாம். இந்த இழை மிக மெதுவாக மாறுவது. பல நூறு, ஏன், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாய் வழியில் வந்த இருவருக்கும் அது ஒன்றாகவே இருக்கலாம். ஒவ்வாமை மறுக்கும், ஒப்புமை மட்டும் நிறுவாது.

ஆகவே மற்றக் குரோமோசோம்களையும் ஒப்பிட வேண்டும். ஒன்றுவிட்ட சகோதரர்களிடையே சராசரி 12.5 விழுக்காடு டி.என்.ஏ. பொதுவாக இருக்கும். அவர்கள் பிள்ளைகளிடையே சுமார் 3 விழுக்காடு. அதற்கும் அடுத்த தலைமுறையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு; பத்தில் ஒரு சோடிக்குப் பொதுவான துண்டு எதுவுமே கண்ணில் படாமல் போகலாம். வீட்டில் உயிரோடிருக்கும் மிக மூத்தவரைச் சோதிப்பதே மேல் என்பது இதனால்தான்.

மாமன் மகளும் கணக்கும்

மேற்சொன்ன விழுக்காடுகள் உறவுக்குள் மணம் செய்யாத குடும்பங்களுக்கு உரியவை. நம் நிலைமை வேறு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்போதும், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் உறவினரையே மணந்திருந்தனர். முந்தைய தலைமுறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒருவர் தம் அக்காள் மகளை மணக்கிறார் என்று கொள்வோம். அவர்கள் குழந்தைக்கு அவருடைய தாய் 'அப்பாவின் அம்மா'; ஆதலால் பாட்டி. அதே மூதாட்டி 'அம்மாவின் அம்மாவுக்கு அம்மா'. ஆதலால் கொள்ளுப்பாட்டியும் ஆகிறாள்! பாட்டி என்ற முறையில் 25 விழுக்காடு, கொள்ளுப்பாட்டி என்ற முறையில் 12.5 விழுக்காடு, ஆக 37.5 விழுக்காடு டி.என்.ஏ. அவளிடமிருந்து சராசரியாக வருகிறது. மாமன் மகளை மணந்தவரின் குழந்தைக்கோ கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிகள் எண்மர் இல்லை, அறுவரே. அவர்களில் இருவர் ஒவ்வொருவரும் 25 விழுக்காடு தருகிறார்கள். அதாவது கொள்ளுப்பாட்டி, கணக்கில் பாட்டியாகத் தெரிவாள்.

வெளிநாட்டு நிறுவனங்களின் கணிப்பொறி இந்த முறைமாமன் உறவையெல்லாம் அறியாது. தூரத்து உறவினரை, "இவர் உங்களுக்கு நெருங்கிய சகோதரர்" என்று அறிக்கை தந்துவிடும். பல நூற்றாண்டுகளாகத் தம் வகுப்பினருக்குள்ளேயே மணம் செய்துவந்தது இதை இன்னும் கூட்டும். இந்தியாவின் பெரும்பாலான மக்கட் குழுக்கள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை தம்முள் கலந்தன, அதன் பின்னரே அகமணம் இறுகியது என்று ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தாரும் அமெரிக்க அறிஞர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. "நாங்கள் கலப்பற்ற வழியினர்" என்று நிரூபிக்க டி.என்.ஏ. சோதனை செய்துகொள்பவர் ஏமாற்றமடைவார்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் கண்ட எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளத்தைப் பற்றிப் பலர் படித்திருக்கலாம். மதுரைப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் கிடைத்த அவ்வடையாளம் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த பழைய இடப்பெயர்ச்சிக்கு அது சான்று. செய்தித்தாள்கள் அதை 'முதல் இந்தியன்' என்று எழுதின. ஒய் வழி என்பது தந்தைக்குத் தந்தைக்குத் தந்தை என்று போகும் ஒரே ஒரு கோடு. பத்துத் தலைமுறைக்கு முன் நம் மூதாதையர் இடங்கள் 1,024. அவற்றுள் அந்தக் கோடு சொல்வது ஓர் இடத்தைப் பற்றி மட்டுமே.

பெட்டிக்குத் திரும்புவோம்

நம் கற்பனைக் குடும்பத்தில் மைட்டோகாண்ட்ரியா இழை ஒத்தது. பொதுத் துண்டுகளும் கிடைத்தன. இதை மட்டும் வைத்து உறவு இன்னது என்று சொல்ல முடியாது. பெட்டியிலிருந்த தகர வில்லை குறிக்கும் தோட்டமும், மலைநாட்டுக் குடும்பத்தின் பிறப்புப் பதிவிலுள்ள தோட்டமும் ஒன்றாக இருந்தால் சான்று பன்மடங்கு வலுக்கும். அதோடு அவர்கள் வீட்டுச் சுவரிலும் இதே ஸ்டூடியோப் படத்தின் இன்னொரு படி இருந்துவிட்டால்? அக்காலத்தில் ஒரே படத்தில் இரண்டு மூன்று படிகள் எடுத்துப் பிரிந்து போகிறவர்களிடம் ஒன்று கொடுத்தனுப்புவது உண்டு. சோதனைக் கூடத்திற்குப் பணம் கட்டுமுன் அந்தச் சுவரைப் பார்த்து வரச் சொல்வேன் நான்.

சோதனை செய்வதானால் ஒன்றை முன்கூட்டியே வீட்டாரிடம் பேசி விடுங்கள். ஒருவர் தம் உமிழ்நீரைத் தரும்போது, உடன்பிறந்தார், பிள்ளைகள், சித்தப்பா பெரியப்பா மக்கள் ஆகியோரின் செய்தியும் சேர்ந்தே போகிறது. தத்து, இரண்டாந்தாரம், சொல்லாமல் மூடிய உறவு எதுவும் வெளிப்படலாம். கேட்கத் துணிவில்லாத வீட்டில் குழாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

பெட்டியைத் திறந்தால் படங்களை வெயிலில் காய வைக்காதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சூடேற்றி ஒட்டும் லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்து, முன்னும் பின்னும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டிலுள்ள மிக மூத்த பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தையும் காட்டிக் கேளுங்கள். சொன்னதை அட்டையின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். பெண்களின் பெயரை முதலில் கேளுங்கள். ஆண்கள் பெயர் பத்திரத்தில் கிடைக்கும்.